சிம் கோன்: பாங்காக்கில் சாப்பிட உட்காருகிறவர்களுக்கு

பாங்காக்கில் எந்த நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்தாலும் மேசை நடுவில் ஒரு சின்னத் தாங்கி இருக்கும். அதில் நான்கு குப்பிகள். ஒன்றில் வெள்ளைச் சர்க்கரை, ஒன்றில் வறுத்து இடித்த மிளகாய், ஒன்றில் வினிகரில் ஊறுகிற மிளகாய் வட்டங்கள். நான்காவதில் "நாம் ப்லா", அதாவது மீனையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த சாறு. இந்த நான்கையும் கையாளத் தெரிந்துகொண்டால் போதும், இந்த ஊரில் பாதிச் சாப்பாடு பிடிபட்டுவிடும்.

நான் 2010-இல் இங்கே வந்தேன். எங்களுடையது திருச்சிப் பக்கம் கல் பட்டை தீட்டுகிற குடும்பம். பாங்காக்கில் வண்ணக்கல் வியாபாரம் நடக்கிற மஹேசக் சாலையில் எனக்கு வேலை. இரண்டாவது வாரம், சரோன் குருங் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சோய்க்குள், சோய் என்றால் சந்து, ஒரு நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்தேன். கிண்ணம் வந்ததும் பக்கத்தில் இருந்தவர் செய்ததைப் பார்த்து நானும் நான்கு குப்பியிலிருந்தும் அள்ளிப் போட்டுக் கலக்கினேன். வாயில் வைக்க முடியவில்லை. கடைக்கார அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். அவர் வந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், புதிதாக ஒன்று கொண்டுவந்து வைத்து, கரண்டியை என் கையில் கொடுத்து, "சிம் கோன்" என்றார். முதலில் ருசி பார். பழைய கிண்ணத்துக்குக் காசு வாங்கவில்லை.

ஊரிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அந்த இரண்டு சொல்லைத்தான். நம் வீடுகளில் உப்பு, புளி, காரம் எல்லாம் அடுப்பிலேயே முடிந்து இலைக்கு வந்துவிடும். விருந்துக்குப் போன இடத்தில் உப்பு கேட்டால் சமைத்தவருக்குக் குறை. இங்கே அப்படியில்லை. சமைக்கிறவர் வேண்டுமென்றே கொஞ்சம் இடம் விட்டுத்தான் அனுப்புகிறார். மீதியைச் சாப்பிடுகிறவர் முடித்துக்கொள்ள வேண்டும். அது தெரியாமல் "தாய் நூடுல்ஸ் சப்பென்று இருக்கிறது" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனவர்கள் பலர். எனக்கு அது ஆறாத வருத்தம்.

சரி, எப்படி முடிப்பது? முதலில் வெறும் சாற்றை இரண்டு கரண்டி குடியுங்கள். உப்பு குறைவாகப் பட்டால் நாம் ப்லா அரைக் கரண்டி. அடுத்து வினிகர் மிளகாய். மிளகாயைத் தள்ளிவிட்டு அந்த நீரை மட்டும் ஊற்றலாம். பிறகு ஒரு சிட்டிகை சர்க்கரை. இங்கேதான் நம் ஆட்கள் தயங்குவார்கள். சர்க்கரை இனிப்புக்காகப் போடுவதில்லை. புளி ரசத்தில் துளி வெல்லம் போடுகிற வீடுகளுக்கு இது புரியும்: புளிப்பின் முனையையும் காரத்தின் முனையையும் மழுக்கி ஒன்றாக்குவதுதான் அதன் வேலை. மிளகாய்த் தூள் கடைசியில். அது ஊற ஊறக் காரம் ஏறும், போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. ஒவ்வொன்றும் போட்ட பிறகு ஒரு முறை ருசி பாருங்கள். இரண்டு மூன்று கடை போனால் உங்கள் அளவு உங்களுக்கே தெரிந்துவிடும்.

சர்க்கரைக்குத் தாய்லாந்து மொழியில் "நாம் தான்" என்று பெயர். "நாம்" என்றால் நீர், "தான்" என்றால் பனை. பனையின் நீர். இன்று குப்பியில் இருப்பது கரும்புச் சர்க்கரைதான், ஆனால் பெயர் பதநீர்க் காலத்துப் பெயர். பாங்காக்கிலிருந்து தென்மேற்கே இரண்டு மணி நேரத்தில் இருக்கும் பெட்சபுரிக்குப் போனால் வயல் வரப்பெல்லாம் பனை நிற்கும். பனங்கற்கண்டும் கருப்பட்டியும் தின்று வளர்ந்தவன் நான்; முதல்முறை அந்த ஊர்ச் சாலையில் போனபோது வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

நூடுல்ஸ் கேட்பது

நூடுல்ஸுக்குப் பொதுப்பெயர் குவாய் தியாவ். கடையில் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எந்த இழை, சாறோடா சாறில்லாமலா, என்ன கறி. இழைகளில் சென் லெக் மெல்லிய அரிசி நாடா. சென் யாய் இரண்டு விரல் அகல நாடா. சென் மீ நம் இடியாப்பம் போல. பா மீ முட்டை சேர்த்த மஞ்சள் கோதுமை இழை. வுன் சென் பாசிப்பயற்று மாவில் செய்த கண்ணாடி இழை. சாறோடு வேண்டுமென்றால் "நாம்", சாறில்லாமல் என்றால் "ஹேங்". கறியில் மூ பன்றி, நுவா மாடு, காய் கோழி, ப்லா மீன், குங் இறால். "சென் லெக், நாம், காய்" என்று இந்த வரிசையில் சொன்னால் போதும், இலக்கணம் ஒன்றும் வேண்டாம். பின்னால் ஆணாக இருந்தால் "க்ரப்", பெண்ணாக இருந்தால் "க்கா" சேர்த்துக்கொள்ளுங்கள். அது நம் "ங்க" மாதிரி. இல்லாமல் பேசினால் மொட்டையாக இருக்கும்.

நிறைய வேண்டுமென்றால் "பிசேத்". நம் விசேஷம்தான் அது. சாதாரண அளவு "தம்மதா". இப்படி வடமொழி வழியாக வந்த சொற்கள் இங்கே வழியெல்லாம் கிடக்கும். உணவுக்கு ஆஹான், நம் ஆகாரம். காது கொடுத்துக் கேட்டால் ஒரு மாதத்தில் பத்து இருபது சொல் தானாகப் பிடிபடும்.

கடைக்காரரை எப்படிக் கூப்பிடுவது என்பது நமக்குச் சுலபம், ஏனென்றால் அதுவும் உறவுமுறைதான். உங்களைவிட மூத்தவர் ஆணோ பெண்ணோ "பீ", இளையவர் "நோங்", அம்மா வயதுக்காரர் "பா", அப்பா வயதுக்காரர் "லுங்". பெயர் தெரியாத அம்மாளைப் "பா" என்று கூப்பிட்டால் முகம் மலரும். விரலைச் சொடுக்கிக் கூப்பிடாதீர்கள்.

குவாய் தியாவ் ரூவா என்கிற படகு நூடுல்ஸை ஒரு முறையாவது தேடிப் போங்கள். ஒரு காலத்தில் கால்வாய்களில் படகிலிருந்து விற்றது. அடர்ந்த பழுப்புச் சாறு, பட்டை, நட்சத்திரப்பூ வாசனை, அதைக் கெட்டியாக்க இரத்தம் சேர்ப்பார்கள். அது வேண்டாம் என்றால் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கிண்ணம் உள்ளங்கை அளவுதான் இருக்கும், நாலைந்து வாய். ஒருவர் ஆறு ஏழு கிண்ணம் சாப்பிட்டு, காலிக் கிண்ணங்களை அடுக்கி வைப்பார். அதை எண்ணித்தான் கணக்கு. பாங்காக்கில் வெற்றிச் சின்னத்துக்குப் பக்கத்தில் கால்வாய் ஓரமாக வரிசையாகக் கடைகள் இருக்கின்றன.

பாத் தாய் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிபுன் சொங்க்ராம் பிரதமராக இருந்தபோது அரசே முன்னின்று பரப்பிய உணவு அது. தட்டோரத்தில் சர்க்கரை, மிளகாய்த் தூள், பொடித்த வேர்க்கடலை, எலுமிச்சைத் துண்டு, ஒரு கீற்று வாழைப்பூ எல்லாம் வரும். அவை அலங்காரத்துக்கு இல்லை. எலுமிச்சையைப் பிழிந்து கலந்த பிறகு சாப்பிடுங்கள்.

சோற்றுக் கடை

எனக்கு மிகவும் பிடித்தது காவ் கேங், சோறும் குழம்பும். இதற்கு மொழியே தேவையில்லை. கண்ணாடிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து தட்டுகளில் குழம்பு, வறுவல், பொரியல் எல்லாம் சமைத்து வைத்திருக்கும். விரலால் காட்டினால் சோற்றின் மேல் ஊற்றித் தருவார்கள். நான் வந்த புதிதில் இரண்டு வகை 30 பாட். இப்போது 50, 60 ஆகிவிட்டது. காலையில் சமைத்தது மதியத்தோடு முடியும். பதினொரு மணிக்கு முன்னால் போனால் எல்லாம் இருக்கும், இரண்டு மணிக்குப் போனால் கடையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

என்ன காட்டுவது? பச்சையாகத் தேங்காய்ப்பாலில் மிதப்பது கேங் கியாவ் வான். வான் என்றால் இனிப்பு, ஆனால் அந்தப் பெயர் அதன் இளம்பச்சை நிறத்துக்கு. நல்ல காரம். பழுப்பாக, உருளைக்கிழங்கும் வேர்க்கடலையுமாக இருப்பது மசமன். ஏலம், பட்டை, கிராம்பு, புளி எல்லாம் சேரும். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் காட்டுவது இதைத்தான், ஏனென்றால் அந்த மணம் அவர்களுக்குப் பழகிய மணம். மஞ்சளாக இருப்பது கேங் கரீ; அந்தக் 'கரீ' நம் கறியேதான், உலகமெல்லாம் சுற்றிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. தேங்காய்ப்பால் இல்லாமல் புளிப்பும் மீனுமாகச் சிவந்து இருப்பது கேங் சோம். நம் மீன் குழம்புக்காரர்கள் அதை விடமாட்டார்கள்.

வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்கரண்டி. முள்கரண்டி சோற்றைக் கரண்டிக்குத் தள்ளுவதற்கு மட்டும்தான், வாய்க்குப் போகாது. குச்சிகள் நூடுல்ஸுக்குத்தான், சோற்றுக்குக் குச்சி கேட்டால் கடையில் விழிப்பார்கள். நாலு பேராகப் போனால் எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். அப்போது ஒரே நேரத்தில் எல்லாக் குழம்பையும் தட்டில் நிரப்பிக்கொள்ளாமல், ஒன்றிலிருந்து ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டு முடித்து, அடுத்ததற்குப் போங்கள்.

உடனே சமைத்துத் தருகிற கடை ஆஹான் தாம் சங். அங்கே என்ன கேட்பது என்று தெரியாதபோது இந்த ஊர்க்காரர்களே கேட்பது பத் கபாவ். கபாவ் வேறு எதுவும் இல்லை, துளசி! பெருமாள் கோவில் தீர்த்தத்தில் மிதக்கிற அதே துளசி. பூண்டையும் மிளகாயையும் இடித்து, கொத்திய கறியோடு அதிக நெருப்பில் புரட்டி, கடைசியில் இலையை ஒரு கைப்பிடி போட்டு இறக்குவார்கள். அந்த ஆவியில் கடை முழுக்க இருமும். முதல்முறை என் மனைவி அந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டாள். இந்த மணம் கறியோடு வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. இப்போது எங்கள் வீட்டுப் பால்கனியில் இரண்டு தொட்டி துளசி இருக்கிறது, ஒன்று விளக்கு வைக்க, ஒன்று வாணலிக்கு. பச்சைக் குழம்பில் போடுவது ஹோரபா, அது திருநீற்றுப்பச்சிலைக்குச் சொந்தம். இரண்டையும் மாற்றிப் போட்டால் இவர்கள் சாப்பிடமாட்டார்கள்.

பத் கபாவுக்கு மேலே ஒரு முட்டை கேளுங்கள். ஓரம் மொறுமொறுவென்று பொரித்து, மஞ்சள் கரு ஓடுகிற மாதிரி வரும். அதற்குப் பெயர் காய் தாவ், நட்சத்திர முட்டை. ஆனால் ஒன்று: கோழிக்கும் முட்டைக்கும் நம் காதில் ஒரே 'காய்'தான் விழும். முட்டைக்கு மூச்சை ஊதிச் சொல்ல வேண்டும், கோழிக்கு ஊதாமல். நமக்கு அது பிடிபட நாளாகும். அதுவரை முட்டைத் தட்டைக் கையால் காட்டிவிடுங்கள்.

காரத்தைப் பற்றி

"நாங்கள் சாப்பிடாத காரமா" என்று சொல்கிறவர்களை நான் சோம் தாம் கடைக்கு மெதுவாகத்தான் அழைத்துப் போவேன். நம் காரம் பெரும்பாலும் காய்ந்த மிளகாய், எண்ணெயிலும் புளியிலும் வெந்தது. இங்கே பச்சையாகச் சின்ன ஊசி மிளகாய், எலுமிச்சைச் சாற்றோடு. அது வேறு வழியில் ஏறும்.

சோம் தாம் என்பது பப்பாளிக்காயை இழையாகச் சீவி, மண் உரலில் மரக் குழவியால் இடிப்பது. வடகிழக்கு இசான் பகுதியின் உணவு. அங்கிருந்து வேலைக்கு வந்தவர்கள் பாங்காக்கின் ஒவ்வொரு தெருமுனைக்கும் கொண்டுவந்து சேர்த்தார்கள். முதலில் சோம் தாம் தாய் கேளுங்கள்: வேர்க்கடலை, உலர்ந்த இறால், தக்காளி, நீளப் பயறு, எலுமிச்சை, வெல்லம். பூ ப்லா ரா என்று முடிகிற வகையில் உப்பிட்ட நண்டும் புளிக்கவைத்த மீனும் சேரும். அதன் வாசனைக்குப் பழக வேண்டும். கருவாடு பிடித்தவர்களுக்குச் சீக்கிரம் பிடித்துவிடும். இடிக்கத் தொடங்கும் முன் "எத்தனை மிளகாய்" என்று கேட்பார்கள். எண்ணித்தான் போடுவார்கள். "ப்ரிக் மெத் தியாவ்" என்றால் ஒரே ஒரு மிளகாய். அதிலிருந்து தொடங்குங்கள். முடிகிற நேரத்தில் பல கடைகளில் ஒரு கரண்டியில் எடுத்து நீட்டுவார்கள், புளிப்பு போதுமா, இனிப்பு போதுமா என்று. அப்போது வெட்கப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். "இன்னும் கொஞ்சம் எலுமிச்சை" என்று கையைக் காட்டிச் சொன்னால் அவர்களுக்கும் மகிழ்ச்சி.

கூடவே சுட்ட கோழி காய் யாங், ஒட்டுகிற அரிசி காவ் நியாவ். இந்தச் சோறுதான் இங்கே கையால் சாப்பிடுவது. மூங்கில் கூடையிலிருந்து நெல்லிக்காய் அளவு கிள்ளி, உருட்டி, சட்னியில் தொட்டுச் சாப்பிட வேண்டும். கிள்ளியதும் கூடையை மூடுங்கள், இல்லாவிட்டால் காய்ந்து கல்லாகிவிடும்.

காரமே வேண்டாம் என்றால் "மாய் பெத்". கொஞ்சம் இருக்கலாம் என்றால் "பெத் நித் நோய்". குழந்தைகளுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்றால் "பே துவா" என்பதைத் தாய் எழுத்தில் போனில் வைத்திருந்து காட்டுங்கள். இதில் மட்டும் உச்சரிப்பை நம்ப வேண்டாம்.

டோம் யாம் குங் சூப்பை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதைக் கேட்கிறவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு: கிண்ணத்தில் மிதக்கிற எலுமிச்சைப்புல் தண்டு, பேரரத்தை வில்லை, இரட்டையாக ஒட்டியிருக்கும் எலுமிச்சை வகை இலை மூன்றையும் மெல்லாதீர்கள். நாம் ஒதுக்குகிற கறிவேப்பிலை மாதிரி அவையும் ஒதுங்க வேண்டியவை.

அசைவம் சாப்பிடாதவர்களுக்கு

என் அம்மா வந்தபோதுதான் இதை முழுசாகக் கற்றுக்கொண்டேன். அவர் முட்டை கூடத் தொடமாட்டார். "மங்சவிராத்" என்று ஒரு சொல் இருக்கிறது. மாம்சத்தை விலக்கியது என்கிற வடமொழிச் சொல்தான். ஆனால் அதில் முட்டை இருக்கலாம். நமக்கு வேண்டிய சொல் "ஜே". மஞ்சள் துணியில் சிவப்பாக, பார்ப்பதற்கு 17 என்று எழுதியது போல ஓர் எழுத்து தொங்கும் கடை ஜே கடை. அங்கே முட்டை, பால், மீன் சாஸ் எதுவும் இல்லை, பூண்டு வெங்காயம் கூடக் கிடையாது. கறி மாதிரியே செய்த சோயாத் துண்டுகளைப் பார்த்து அம்மா முதல் நாள் எழுந்துவிட்டார். எல்லாம் பயறும் கோதுமையும்தான் என்று கடைக்காரர் மாவை எடுத்துக் காட்டிய பிறகே உட்கார்ந்தார்.

சாதாரணக் கடையில் வெறும் காய்கறி கேட்டாலும் நாம் ப்லாவும் சிப்பி சாஸும் போய்விடும். "மாய் சாய் நாம் ப்லா, மாய் சாய் நாம் மன் ஹோய்" என்று இரண்டையும் சொல்ல வேண்டும்; மீன் சாஸ் வேண்டாம், சிப்பி சாஸ் வேண்டாம். நூடுல்ஸ் சாறு அநேகமாக எலும்புச் சாறு, ஆகவே அதைத் தவிர்த்துவிடுங்கள்.

எந்த மாதம் வருவது என்று நீங்களே தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நவராத்திரிக்கு வாருங்கள். சீனர்களின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள் ஜே விரதம் இருக்கிறது. பெரும்பாலான ஆண்டுகளில் அது நம் நவராத்திரியோடு சேர்ந்தே வரும். அந்த நாட்களில் சைனாடவுனான யாவ்வராத்தில் தெரு முழுக்க மஞ்சள் கொடி. பூக்கெட்டில் இன்னும் பெரிதாக நடக்கும். அதே வாரங்களில் இங்கே பாங்காக்கின் சீலோம் சாலையில், தமிழர்கள் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய மாரியம்மன் கோவிலில் நவராத்திரிப் பூஜையும் விஜயதசமி ஊர்வலமும். அம்மா அந்தப் பத்து நாளும் வெளியிலேயே சாப்பிட்டார்.

மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் "மாய் கின் நுவா" என்று தயங்காமல் சொல்லலாம். குவான் இம் தெய்வத்தை வணங்குகிற சீனத் தாய்க்காரர்கள் பலரும் மாடு சாப்பிடுவதில்லை. ஹலால் தேடுகிறவர்களுக்குச் சரோன் குருங் சாலை 36-ஆம் சோயில் ஹாரூன் மசூதியைச் சுற்றிக் கடைகள் உண்டு. கல் வியாபாரத்தில் இருக்கிற காயல்பட்டினத்து நண்பர்கள்தான் எனக்கு அங்கே காவ் மோக் காய் வாங்கிக் கொடுத்தார்கள். மஞ்சள் நிறக் கோழி பிரியாணி, மேலே பொரித்த வெங்காயம், தொட்டுக்கொள்ள இனிப்பும் புளிப்புமாகப் புதினாச் சட்னி. அந்தச் சட்னியைத் தயிர்ப்பச்சடி இல்லாத குறைக்கு வைத்ததாக நினைக்காதீர்கள். அது இல்லாமல் அந்தச் சோறு முழுமையில்லை.

குடிக்க

சா யென் என்கிற ஆரஞ்சு நிற ஐஸ் டீ எங்கும் கிடைக்கும். துணி வடிகட்டியில் இறக்கிய கடும் டீ, சர்க்கரை, கெட்டிப்பால், மேலே ஒரு கோடு பால். இனிப்பு நமக்கே அதிகம். "வான் நோய்" என்றால் இனிப்பைக் குறைப்பார்கள். பழைய சீனக் காப்பிக் கடைகளில் ஓலியாங் கேட்டுப் பாருங்கள். தியோச்சியூ மொழியில் ஓ என்றால் கறுப்பு, லியாங் என்றால் குளிர்ச்சி. காப்பிக் கொட்டையோடு சோளம், சோயா, எள் சேர்த்து வறுத்த பொடி. கும்பகோணம் டிகிரி காப்பியை எதிர்பார்த்துக் குடிக்கக் கூடாது. வறுத்த தானிய வாசனைக்காகக் குடிக்க வேண்டும்.

வல்லாரைச் சாறு இங்கே வண்டியில் விற்கிறார்கள், பாய் புவா போக். சங்குப்பூ நீர் நீலமாக வரும். எலுமிச்சை பிழிந்தால் புளிப்புப் பட்டு ஊதாவாக மாறும், குழந்தைகளிடம் கொடுத்துப் பிழியச் சொல்லுங்கள். கடைகளில் பழுப்புச் சீசாவில் சின்னதாக இருக்கும் க்ராத்திங் தேங்தான் 1987-இல் ஆஸ்திரியாவில் ரெட் புல் ஆனது. லாரி ஓட்டுநர்களின் பானம் அது, ஒரு சீசாவுக்கு மேல் வேண்டாம்.

ஐஸைப் பற்றிப் பயம் இருக்கும். நடுவில் ஓட்டை உள்ள உருளை ஐஸ் தொழிற்சாலையில் செய்தது. பெரிய பாளத்தை உடைத்த தூள் ஐஸ் என்றால் நான் தவிர்ப்பேன். பதினைந்து ஆண்டில் எனக்கு ஐஸால் வயிறு கெட்டதில்லை. கூட்டமில்லாத கடையில் வெயிலில் கிடந்த சோற்றால் கெட்டிருக்கிறது. ஆகவே ஐஸைவிடக் கூட்டத்தைப் பாருங்கள்.

மாலையில் ஊர்க்காரர்கள் சாப்பிடுவது

தாய்க்காரர்கள் எப்போதும் தாய் உணவே சாப்பிடுவதாக நினைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை என் அலுவலகத்துப் பிள்ளைகள் போவது ஜப்பான் கடைக்கு, கொரியக் கடைக்கு, இல்லாவிட்டால் மூ கதாவுக்கு. பீட்சா வந்தால் தக்காளி சாஸை மேலே ஊற்றுவார்கள். கேஎஃப்சியில் கோழியைச் சோற்றோடு வாங்குவார்கள். வெளிநாட்டுச் சாப்பாடு என்றாலும் முடிப்பது இவர்கள் கைதான்.

மூ கதாவுக்கு ஒரு முறை போங்கள். மண் அடுப்பில் கரி நெருப்பு, அதன் மேல் நடுவில் குமிழ் போல் எழும்பி ஓரத்தில் அகழி உள்ள சட்டி. முதலில் ஒரு கொழுப்புத் துண்டைக் குமிழின் உச்சியில் வையுங்கள். அது உருகி வழிந்தால்தான் கறி ஒட்டாது. அகழியில் சாறு ஊற்றி முட்டைக்கோஸ், கீரை, கண்ணாடி இழை போடுங்கள். மேலே வேகிற கறியின் சாறெல்லாம் அகழியில் இறங்கும். ஒரு மணி நேரம் கழித்து அந்தச் சாறுதான் அன்றைய நல்ல சாப்பாடு, ஆகவே தொடக்கத்திலேயே வயிற்றை நிரப்பிவிடாதீர்கள்.

யாவ்வராத் மாலை ஆறு மணிக்கு மேல்தான் விழிக்கும். திங்கட்கிழமை பல தெருக்கடைகள் இருக்காது, அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

வேறு ஊர்களுக்குப் போனால்: சியாங் மாயில் காவ் சோய். தேங்காய்ப்பால் குழம்பில் முட்டை இழை, மேலே பொரித்த இழை. சீனத்து யுன்னான் வழி வந்த முஸ்லிம் வணிகர்களோடு சேர்ந்த உணவு. தனித் தட்டில் கடுகுக்கீரை ஊறுகாய், சின்ன வெங்காயம், எலுமிச்சை, எண்ணெயில் வறுத்த மிளகாய் விழுது வரும். முதல் இரண்டு வாய் அப்படியே, பிறகு எலுமிச்சை, பாதிக்கு மேல் விழுது என்று போங்கள். ஒரே கிண்ணம் மூன்று சாப்பாடாகும். ஹாட் யாயில் பொரித்த கோழி, மேலே கை நிறையப் பொரித்த சின்ன வெங்காயம். பூக்கெட்டில் காலையில் ரொட்டியும் குழம்பும் சாப்பிட்டால் நம் பரோட்டாவின் உறவு உடனே தெரியும். பாங்காக் தெருவில் அதே ரொட்டி வாழைப்பழமும் கெட்டிப்பாலுமாக இனிப்பாகிவிடும்.

ஏப்ரல், மே மாதங்களில் வந்தால் மாம்பழமும் ஒட்டுச்சோறும். நாம் தோக் மாய் வகை மாம்பழம் கேளுங்கள். மேலே ஊற்றுகிற தேங்காய்ப்பாலில் உப்பு இருக்கும், அது தவறி விழுந்ததல்ல.

சாப்பிட்டு முடிந்ததும் "கெப் தாங்" என்றால் கணக்குப் பார்க்க வருவார்கள். அறைக்கு எடுத்துப் போக வேண்டுமென்றால் "க்லாப் பான்", வீட்டுக்கு. குழம்பைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, காற்றைப் பிடித்து உப்பவைத்து, ரப்பர் வளையத்தால் கழுத்தை இறுக்கிக் கட்டித் தருவார்கள். நூடுல்ஸ் என்றால் இழை தனி, சாறு தனி, அந்த நான்கு குப்பிகளின் சாமானும் சின்னச் சின்னப் பொட்டலமாக. அறைக்குப் போய்க் கத்தரிக்கோல் தேடாதீர்கள், பல்லாலும் கடிக்காதீர்கள், குழம்பு முகத்தில் தெறிக்கும். பையைக் கிண்ணத்துக்குள் வைத்துக்கொண்டு வளையத்தைச் சுற்றிப் பாருங்கள், ஓரிடத்தில் ஒரு சின்னக் காது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து மேலே இழுத்து, கட்டிய திசைக்கு எதிராகச் சுற்றினால் சுருள் சுருளாக அவிழ்ந்து வந்துவிடும்.